ஈவும் மீதியும் இரட்டைப் பிள்ளைகள்

(வாசகர் கேள்வி – பதில்)

ஃபங்ஷனல் புரோகிராமிங் பற்றிய போன பகுதியில், போகிற போக்கில் "லூப் இல்லாமல், வகுத்தல் குறியும் இல்லாமல் ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க வகுத்தல். முழு எண் வகுத்தல் மட்டும். தசமப் புள்ளி பக்கமே நான் போகவில்லை.

கேள்வி: சார், ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் கழித்துக்கொண்டே போகிற மாதிரி எழுதினேன். 100-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2 என்று சரியாக வருகிறது. 100 கோடியை 3-ஆல் வகுக்கச் சொன்னேன், மெமரி முழுவதையும் விழுங்கிவிட்டு நின்றுபோனது. டெயில் ரிகர்ஷன்தானே (ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக மட்டும் தன்னையே கூப்பிடுவது) எழுதினேன், முடியாத அழைப்புகளைக் குறித்து வைக்கும் ஸ்டாக் வளரவே கூடாதே, மெமரி எங்கே போனது?

பதில்: உங்களுக்கு இரண்டு நோய். மெமரி போன நோய் ஒன்று, நேரம் போகிற நோய் இன்னொன்று. முதலாவதைச் சரிசெய்தாலும் இரண்டாவது அப்படியே இருக்கும்.

முதலில் மெமரி. கழிக்கும்போதெல்லாம் ஈவோடு 1 கூட்டி அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறீர்கள், கடைசியில் (ஈவு, மீதி) என்ற ஜோடியைத் திருப்பித் தருகிறீர்கள். மீதியை ஒவ்வொரு சுற்றிலும் "வகுக்கும் எண்ணைவிடச் சின்னதா?" என்று ஒப்பிடுவதால் ஹாஸ்கெல் அதை உடனுக்குடன் கணக்கிட்டே ஆக வேண்டும். ஈவை யாருமே நடுவில் கேட்பதில்லை. கேட்காததைக் கணக்கிடாதே என்பதுதான் அந்த மொழியின் குணம், அதனால் "முந்தைய ஈவு + 1" என்று ஒரு சீட்டை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த சுற்றில் அந்தச் சீட்டைக் காட்டி இன்னொரு சீட்டு, அதைக் காட்டி இன்னொன்று. இந்தச் சீட்டுக்குத் தங்க் என்று பெயர். 64 பிட் கணினியில் ஒரு சீட்டு 24 பைட் என்று வைத்துக்கொண்டாலும், 33 கோடியே 33 லட்சம் சீட்டுகளுக்கு 8 ஜிகாபைட். உங்கள் மெமரி போன இடம் அதுதான்.

கம்பைலரின் ஆப்டிமைசேஷனைப் போட்டால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அதை நம்ப முடியாது, ஏனென்றால் ஈவு கடைசியில் ஒரு ஜோடிக்குள் போய் உட்காருகிறது, ஜோடியின் உள்ளே இருப்பது கணக்கிடப்படாமலே இருக்கலாம் என்பது மொழியின் விதி. ஈவு என்ற பெயருக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிடுங்கள் (பேங் பேட்டர்ன் என்பார்கள்), சீட்டு எழுதுவது நின்றுவிடும்.

சரி, இப்போது மெமரி பிரச்சினை தீர்ந்தது, ஆனாலும் 33 கோடி தடவை கழிக்கிறீர்கள். அதற்கு மருந்து, ஒவ்வொன்றாகக் கழிக்காமல் இரட்டித்துப் பார்ப்பது (ப வகுபடும் எண், வ வகுக்கும் எண், ஈ ஈவு, மீ மீதி):

வகு(ப, வ):
– ப < வ என்றால் விடை (0, ப)
– இல்லையென்றால் வகு(ப, 2×வ) என்று கேட்டு (ஈ, மீ) வாங்கிக்கொள்
– மீ < வ என்றால் விடை (2×ஈ, மீ)
– இல்லையென்றால் விடை (2×ஈ + 1, மீ − வ)

100-ஐயும் 7-ஐயும் கொடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். 7 போய் 14-ஐக் கேட்கிறது, 14 போய் 28-ஐ, 28 போய் 56-ஐ, 56 போய் 112-ஐ. 112-க்கு 100 போதாது, அதனால் அது (0, 100) என்று கைவிரித்துவிடுகிறது. இனி திரும்பி வருகிற பயணம். 56-இடம் மீதி 100 வருகிறது, ஒரு முறை எடுக்கலாம்: (1, 44). 28-இடம் வந்தால் ஈவு இரட்டித்து 2, மீதி 44-இல் இன்னொன்று எடுக்கலாம்: (3, 16). 14-இடம்: (7, 2). 7-இடம் வரும்போது ஈவு 14, மீதி 2-இல் எடுக்க ஒன்றுமில்லை. முடிந்தது.

உங்கள் 100 கோடிக்கு 29 தடவை இரட்டித்தால் போதும். இது டெயில் ரிகர்ஷன் இல்லை என்று யாராவது மூக்கைச் சிணுங்கினால் சிணுங்கட்டும். 64 பிட் எண்ணுக்கு ஆழம் 64-ஐத் தாண்டாது, ஸ்டாக்குக்கு அது தூசு. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸில் இருக்கும் வகுத்தலும் இதே இரட்டிப்பு முறைதான், அவர்கள் ரிகர்ஷன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. எண்ணின் அகலத்துக்கு வரம்பு இருந்தால் 2×வ வழிந்துபோய் மைனஸில் நிற்கக்கூடும். அதனால் நடுவில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: ப − வ என்பது வ-வைவிடச் சின்னது என்றால் இரட்டிக்கவே வேண்டாம், விடை (1, ப − வ). அதைத் தாண்டி வந்தால் 2×வ எப்போதும் ப-வுக்குள் அடங்கும்.

கேள்வி: பள்ளியில் போட்ட நீள் வகுத்தலை ஃபங்ஷனல் பாணியில் எழுத முடியுமா? இலக்கங்கள் ஒரு லிஸ்ட்டில் இருக்கின்றன.

பதில்: இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் பள்ளியிலேயே அதை ஃபங்ஷனல் பாணியில்தான் போட்டீர்கள், யாரும் சொல்லவில்லை!

943-ஐ 7-ஆல் வகுக்கும்போது கை என்ன செய்கிறது? இடமிருந்து ஆரம்பிக்கிறது. 9-இல் 7 ஒரு தடவை, மீதி 2. அந்த 2-ஐ அடுத்த இலக்கத்தின் தலையில் ஏற்றினால் 24, அதில் 3 தடவை, மீதி 3. அடுத்தது 33, அதில் 4 தடவை, மீதி 5. மேலே 134, கீழே 5. அதாவது ஒரு லிஸ்ட்டின் வழியே இடமிருந்து வலமாக நடக்கிறோம், கையில் ஒரே ஒரு பொருள் (மீதி), ஒவ்வொரு இலக்கத்துக்கும் வெளியே ஒரு இலக்கம் போடுகிறோம். ஹாஸ்கெல்லில் இதற்கென்றே மேப்-அக்யூம்-எல் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: கையில் இருக்கும் மதிப்பையும் லிஸ்ட்டின் அடுத்த உறுப்பையும் கொடுத்தால், கைக்குப் புதிய மதிப்பையும் வெளியே போட வேண்டியதையும் ஜோடியாகக் கேட்கும். கொடுக்க வேண்டிய ஃபங்ஷன் ஒரே வரி: மீதி × 10 + இலக்கம், அதை 7-ஆல் வகுத்து மீதியைக் கைக்கும் ஈவை வெளியேயும் அனுப்பு. ஆரம்ப மதிப்பு 0.

இதே வரியில் 10-ஐ 2 ஆக்கி, இலக்கங்களுக்குப் பதில் பிட்டுகளைக் கொடுங்கள். ஈவின் பிட் 0 அல்லது 1 தான், எனவே "எத்தனை தடவை போகும்" என்ற ஊகமே வேண்டாம், "போகுமா போகாதா" என்ற ஒப்பீடு போதும். வகுத்தல் மின்சுற்று ஒன்றை வன்பொருளில் எளிமையாகக் கட்டும் முறையும் இதுதான். 10-க்குப் பதில் 2-இன் 32-ஆம் அடுக்கை வைத்தால் பெரிய எண்களையும் வகுக்கலாம், வகுக்கும் எண் ஒரே "இலக்கத்துக்குள்" அடங்கும்வரை. அது பல இலக்கம் ஆனால்தான் தலைவலி, ஈவின் இலக்கத்தை ஊகித்துத் திருத்த வேண்டிவரும். டொனால்ட் கனுத்தின் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் இரண்டாம் தொகுதியில் அல்காரிதம் டி என்று அதைப் பொறுமையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். சொந்தமாக எழுத ஆசைப்படாதீர்கள், நான் ஒருமுறை ஆசைப்பட்டு மூன்று வார இறுதிகளை இழந்தேன்.

கேள்வி: ஹாஸ்கெல்லில் ஈவைத் தரும் டிவ் என்பது கீழ்நோக்கி முழுமையாக்கும், -7-ஐ 2-ஆல் வகுத்தால் -4 வரும் என்று படித்தேன். நான் டைப் செய்தால் -3 வருகிறது. புத்தகம் தப்பா, கம்பைலர் தப்பா?

பதில்: இரண்டும் தப்பில்லை. அடைப்புக்குறி போடாமல் டைப் செய்திருப்பீர்கள். ஹாஸ்கெல்லில் முன்னால் வரும் மைனஸைவிட டிவ் இறுக்கமாகப் பிடிக்கும், அதனால் அது முதலில் 7-ஐ 2-ஆல் வகுத்து 3 ஆக்கிவிட்டு, அப்புறம் மைனஸ் போடுகிறது. (-7) என்று அடைப்புக்குறிக்குள் போட்டுப் பாருங்கள், -4 வரும். டிவ்வுக்கு ஜோடியாக மீதியைத் தரும் மாட் போடும்போதும் இதே கதை: அடைப்புக்குறி இல்லாமல் -1, இருந்தால் 1.

கேள்வி: ஈவு-மீதி தர குவாட்-ரெம், டிவ்-மாட் என்று இரண்டு ஜோடி எதற்கு? எது வேகம்? வேகமானதையே எப்போதும் பயன்படுத்தினால் என்ன?

பதில்: குவாட்தான் கொஞ்சம் வேகம். ஏனென்றால் நம் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்86 பிராசஸரின் வகுத்தல் கட்டளை பூஜ்யத்தை நோக்கி வெட்டும், ஈவையும் மீதியையும் ஒரே கட்டளையில் சேர்த்தே தரும். குவாட்-ரெம் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. டிவ்-மாட் அதை வாங்கி, குறிகள் வேறுபட்டு மீதியும் இருந்தால் ஈவில் 1 குறைத்து, மீதியைச் சரிக்கட்டித் தர வேண்டும். இரண்டுமே "வகுபடும் எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி" என்ற பள்ளிச் சமன்பாட்டை மீறுவதில்லை. -7-ஐ 2-ஆல் வகுத்தால் குவாட் சொல்வது -3, மீதி -1. டிவ் சொல்வது -4, மீதி 1. கூட்டிப் பாருங்கள், இரண்டும் -7.

"எப்போதும் வேகமானது" என்ற கொள்கையால் நான் பட்டதைச் சொல்கிறேன். வாரநாள் கண்டுபிடிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன். 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை, அதிலிருந்து எத்தனை நாள் என்ற எண்ணோடு 4 கூட்டி 7-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், ஞாயிறை 0 என்று வைத்த பட்டியலில் சரியான இடம் கிடைத்துவிடும். மீதிக்கு நான் போட்டது ரெம். 1970-க்கு அப்புறம் எந்தத் தேதி கொடுத்தாலும் சரி. சந்தேகத்துக்கு முந்தைய தேதிகளும் கொடுத்துப் பார்த்தேன், 1969 டிசம்பர் 31 புதன், 30 செவ்வாய், 28 ஞாயிறு, எல்லாம் சரி, திருப்தியாகத் தூங்கப் போனேன். டிசம்பர் 27-ஐத்தான் கொடுத்துப் பார்க்கவில்லை. அன்று எண் -5, 4 கூட்டினால் -1, ரெம் தரும் மீதி -1, பட்டியலில் -1-ஆம் இடம் என்று ஒன்று கிடையாது, புரோகிராம் குப்புற விழுந்தது. மாட் போட்டிருந்தால் 6, சனிக்கிழமை. அதன் பிறகு சுற்றிச் சுற்றி வருகிற எதற்கும் (மணி, கிழமை, வட்டமான பஃபர்) கண்ணை மூடிக்கொண்டு மாட்தான் போடுகிறேன்.

ஒற்றைப்படையா என்று பார்க்கவும் "2-ஆல் வகுத்த மீதி 1-ஆ" என்று ரெம் போட்டுக் கேட்காதீர்கள், -7 ஒற்றைப்படை இல்லை என்று சொல்லிவிடும். 0 இல்லையா என்று கேளுங்கள்.

மொழிக்கு மொழி இது மாறும் என்பது இன்னொரு தொல்லை. ஸ்டாண்டர்ட் எம்எல்லில் டிவ் கீழ்நோக்கி. எர்லாங், எலிக்ஸிர் இரண்டிலும் அதே டிவ் என்ற பெயர், ஆனால் பூஜ்யத்தை நோக்கி! ஓகேமலும் எஃப்-ஷார்ப்பும் பூஜ்யத்தை நோக்கியே. மீதி எப்போதும் மைனஸ் ஆகவே கூடாது என்று மூன்றாவது கட்சியும் இருக்கிறது, யூக்ளிட் வகை என்று பெயர். அதுதான் சிறந்தது என்று ரேமண்ட் பூட் 1992-இல் ஒரு கட்டுரையே எழுதினார். வகுக்கும் எண் பாசிட்டிவாக இருக்கும்வரை மாட்டும் யூக்ளிட் வகையும் ஒன்றுதான், ஆகவே அந்தச் சண்டையில் நான் இறங்குவதில்லை.

வேகம் பற்றி உருப்படியாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால்: ஈவும் மீதியும் இரண்டுமே வேண்டியிருக்கும் இடத்தில் தனித்தனியாக இரண்டு தடவை கூப்பிடாதீர்கள். சேர்த்துத் தருகிற ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்காக இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவானேன்?

கேள்வி: 10-ஆல் வகுக்கும் இடத்தில் கம்பைலர் ஏதோ 3435973837 என்ற எண்ணால் பெருக்குகிறது. வைரஸா?

பதில்: இல்லை, புத்திசாலித்தனம். 2-இன் 35-ஆம் அடுக்கை 10-ஆல் வகுத்தால் 3435973836.8, அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் உங்கள் "வைரஸ்". அதனால் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் தள்ளினால், குறியில்லாத 32 பிட் எண் எதுவானாலும் 10-ஆல் வகுத்த ஈவு துல்லியமாக வரும். பெருக்கல் பிராசஸர் கடிகாரத்தின் சுமார் 3 சுழற்சியில் முடியும், பழைய இன்டெல் பிராசஸர்களில் 64 பிட் வகுத்தல் பல பத்து சுழற்சிகளைத் தின்னும், அதனால்தான் இவ்வளவு மெனக்கெடல். கிரான்லண்டும் மான்ட்கோமரியும் 1994-இல் இதை முறையாக எழுதி வைத்தார்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது, வகுக்கும் எண் மாறாதது என்று கம்பைலருக்குத் தெரிகிற மாதிரி எழுதுவது மட்டும்தான். ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து ஆர்க்யுமென்ட்டாக வந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

2, 4, 8 போன்றவற்றுக்கு அதுகூட வேண்டாம், பிட்டைத் தள்ளினால் போதும். அப்படி வலப்பக்கம் தள்ளுவது கீழ்நோக்கிய வகுத்தல், அதாவது டிவ். -7-ஐ ஒரு பிட் தள்ளினால் -4. மேலே குவாட் வேகம் என்று சொன்னேனே, இந்த இடத்தில் மட்டும் தலைகீழ்.

கேள்வி: 1 லட்சம் இலக்கம் உள்ள எண்ணின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். திரும்பத் திரும்ப 10-ஆல் வகுத்து மீதியைச் சேர்க்கிறேன். அழகான புரோகிராம், அன்ஃபோல்டர் (ஒரு மதிப்பிலிருந்து லிஸ்ட்டை விரிக்கும் ஃபங்ஷன்) போட்டு ஒரே வரி. நத்தை வேகம்.

பதில்: அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1 லட்சம் இலக்கம் என்றால் சுமார் 3 லட்சத்து 32 ஆயிரம் பிட், 64 பிட் சொற்களாக (கணினி ஒரே மூச்சில் கையாளும் துண்டுகள்) எண்ணினால் 5,191. ஒவ்வொரு தடவை 10-ஆல் வகுக்கும்போதும் அத்தனை சொற்களையும் மேலிருந்து கீழே தொட்டு, புதிதாக ஒரு முழு எண்ணையே உருவாக்க வேண்டும், ஃபங்ஷனல் மொழியில் பழையதன் மேல் எழுத முடியாதல்லவா. எண் சுருங்கிக்கொண்டே போவதால் சராசரி பாதி என்று வைத்தாலும் மொத்தம் சுமார் 26 கோடி சொல் வகுத்தல், 2 ஜிகாபைட் குப்பை. இலக்கம் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு.

சுலபமான மருந்து: 10-ஆல் வகுக்காமல் 10-இன் 18-ஆம் அடுக்கால் வகுங்கள். அது 64 பிட்டுக்குள் அடங்கும். வரும் மீதி ஒரு சாதாரண எண், அதை 10-ஆல் பிரிப்பது மலிவு. பெரிய வகுத்தல்கள் அப்படியே பதினெட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். மாற்ற வேண்டியது இரண்டு வரி.

நல்ல மருந்து: எண்ணை நடுவில் உடையுங்கள். 10-இன் 50,000-ஆம் அடுக்கால் வகுத்தால் ஈவு மேல்பாதி, மீதி கீழ்ப்பாதி. இரண்டையும் தனித்தனியாக இதே ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள், 18 இலக்கத்துக்குள் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஹாஸ்கெல் பெரிய எண்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஜிஎம்பி லைப்ரரியில் பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்க வேகமான முறைகள் உண்டு, அவற்றுக்கு வேலை கொடுத்தால்தான் லாபம். 10 போன்ற பொடி எண்ணால் வகுத்துக்கொண்டிருந்தால் அந்த முறைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். கூட்டலுக்குப் பதில் அச்சிடுவதாக இருந்தால் கீழ்ப்பாதியின் முன்னால் வர வேண்டிய பூஜ்யங்களை மறக்காதீர்கள். இதில் தடுக்கி விழாதவர்களை நான் பார்த்ததில்லை.

கேள்வி: லீன் மொழியில் 5-ஐ 0-ஆல் வகுத்தால் 0 வருகிறது. கணிதத்தை நிரூபிக்கிற மொழியே இப்படியா?

பதில்: நிரூபிக்கிற மொழி என்பதால்தான். அங்கே ஃபங்ஷன் என்றால் எந்த உள்ளீட்டுக்கும் ஒரு விடை தந்தே ஆக வேண்டும், நடுவில் கைகழுவ முடியாது. ஏதோ ஒரு விடை வைக்க வேண்டும், 0 வைத்தார்கள். வகுத்தலைப் பற்றிய தேற்றங்களில் தேவைப்படும் இடத்தில் "வகுக்கும் எண் 0 அல்ல" என்ற நிபந்தனை தனியே வரும். இதே வகையைச் சேர்ந்த காக் மொழியின் (இப்போது ராக் என்று பெயர்) இயல் எண்களிலும் இப்படித்தான்.

நீங்கள் 0-வுக்குப் பயப்படுகிறீர்கள், நான் -1-க்கும் பயப்படுவேன். 8 பிட் எண்ணில் -128 உண்டு, 128 கிடையாது. -128-ஐ -1-ஆல் வகுத்தால்? ஹாஸ்கெல் வழிந்துவிட்டது என்று பிழை எறியும். ஓகேமல் தன் மிகச் சிறிய முழு எண்ணை -1-ஆல் வகுத்தால் அதே எண்ணை மறுபடி நீட்டும், சத்தமே போடாது.

கேள்வி: வெறும் லாம்டா கால்குலஸில் (ஃபங்ஷன்கள் மட்டுமே உள்ள கணித மொழி), எண்களே இல்லாமல், வகுக்க முடியுமா?

பதில்: முடியும். சர்ச் எண்களில் (ஒரு ஃபங்ஷனை ஏழு தடவை போடுவதுதான் அங்கே 7) கூட்டலும் பெருக்கலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். மாட்டிக்கொள்வது கழித்தலில், அதுவும் ஒன்றே ஒன்றைக் குறைப்பதில். லாம்டா கால்குலஸை உருவாக்கிய அலோன்சோ சர்ச்சுக்கே அது முடியுமா என்று சந்தேகம் இருந்தது. அவருடைய மாணவர் ஸ்டீபன் கிளீனி வழியைக் கண்டுபிடித்தார், 1930-களின் தொடக்கத்தில். இன்று பாடமாகச் சொல்லித்தரும் வடிவத்தில் அது ஒரு ஜோடி: (முந்தைய எண், இப்போதைய எண்). (0, 0)-இல் ஆரம்பித்து ஒவ்வொரு அடியிலும் வலதை இடப்பக்கத்துக்கு நகர்த்தி, வலதில் 1 கூட்டிக்கொண்டே போனால், 7 அடி முடிந்ததும் இடப்பக்கம் 6 நிற்கும். ஒன்றைக் குறைக்கத் தெரிந்தால் கழிக்கலாம், கழிக்கத் தெரிந்தால் முதல் கேள்வி கேட்டவர் மாதிரி வகுக்கலாம். இந்த யோசனை தனக்குப் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது தோன்றியது என்று கிளீனி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிடுங்கப் போனது ஞானப்பல்லாம்.